த/பெ சன்னாசி

படிவம் நிரப்ப ஐந்து வெள்ளி.
நகலுக்கு இருபது காசு.
லாபிஸ் பேருந்து நிலையத்தில்
என் கடைக்கு இரண்டு கதவு,
ஒன்று எப்போதும் திறக்காது.

குலை அறுக்கும் அலுமினியக் கம்போடு
தவசீலன் உள்ளே வர முடியவில்லை.
விலைப்பலகைமேல் அதைச் சாய்த்துவிட்டு
அரிவாள் முனையில் சாக்கைச் சுற்றிக் கட்டினார்,
பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

பெயர்?
தவசீலன் த/பெ சன்னாசி.
வயது?
நாற்பத்தாறு.
கையுறைத் தொழிற்சாலையில்
நாற்பதைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள்.
நான் சொல்லவில்லை.
விளம்பரத்தில் போட்டிருந்தது,
அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை.

கல்வி?
ஆறாம் ஆண்டு.
அனுபவம்?
இதற்குத்தான் யோசித்தார்.
“பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தினதில்ல.”
அதைத் தட்ட முடியாது அண்ணே.
“அடியில எத்தனை பழம் உதிர்ந்திருக்குன்னு பாத்தே
மேல குலை பழுத்திருச்சான்னு சொல்லுவேன்.
மட்டை எந்தப் பக்கம் விழும்னு
வெட்டுறதுக்கு முன்னாலயே காலு நகந்துரும்.”

படிவத்தில் மூன்று கோடு.
முதல் கோட்டில்
அறுவடை, இருபத்திரண்டு ஆண்டு.
மற்ற இரண்டும் வெறுமனே கிடந்தன.

என் இயந்திரத்துக்கு ஊர் நிலவரம் தெரியும்.
‘ஆட்கள் தேவை’ என்று
முந்தி நூறு நகல் எடுத்த தோட்டம்
போன மாதம் ஐந்தே ஐந்து எடுத்தது:
மருந்தடிக்கும் டிரோன் ஓட்டத் தெரிந்தவர்,
உரிமத்தோடு.
‘தங்குமிடம் உண்டு’ என்று இருந்தால்
அது நமக்கில்லை.
‘சொந்த மோட்டர் அவசியம்’ என்று இருந்தால்
நமக்குத்தான்,
பெட்ரோலை மட்டும் யாரும் பேசுவதில்லை.

மொஃபிஜுல் வந்தான்,
பெர்மிட்டின் இரண்டு பக்கமும் நகலெடுக்க.
வெளியே நிற்கும் கம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு
யாருடையது என்று மலாயில் கேட்டான்.
அவ்வளவுதான்,
இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.
டன்னுக்கு எவ்வளவு?
மழை நாளுக்கு?
உதிரிப் பழம் பொறுக்க தனிக் காசா?
பழைய நகல் ஒன்றின் முதுகில்
கழித்துக் கழித்து எழுதினார்கள்.
மொஃபிஜுலுக்கு ஏஜெண்டுக் கடன்.
தவசீலனுக்கு வீட்டு வாடகை,
மகளின் பாலிடெக்னிக்.
பேனா என்னுடையது,
திரும்பி வரவில்லை.

மொஃபிஜுல் போகிறானாம்.
பெர்மிட் முடிகிறது,
தோட்டம் புதுப்பிக்கவில்லை.
“அப்ப ஒன் எடம் காலியா?”
என்று கேட்டபோது தவசீலனின் குரலில்
கொஞ்சம் வெட்கம் இருந்தது.
மொஃபிஜுல் சிரிக்கவில்லை.
எடமே இல்லை அபாங்,
அந்த மரத்தையெல்லாம் சாய்க்கிறார்கள்,
சூரியத் தகடு போட.

நான் இழுப்பறையைத் திறந்தேன்.
அந்தப் படிவமும் என்னிடம் இருந்தது.
தகடுகளுக்கு அடியில் புல் வெட்ட
மூவர் தேவை.
எத்தனை பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்றார்.
இயந்திரம் எண்ணி வைத்திருந்தது:
முப்பத்தொன்று.
“முப்பத்திரண்டா என்னையும் போடு.”

இருபத்திரண்டு வருஷம் அண்ணாந்து பார்த்த கழுத்து.
குனிய வருமா என்று
படிவம் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
இரண்டாம் கோட்டில்
‘புல் வெட்டும் இயந்திரம் இயக்கத் தெரியும்’ என்று
நானாகவே தட்டினேன்.
வாசித்துக் காட்டினேன்.
“தெரியாதே” என்றார்.
கொஞ்சம் கழித்து,
“ஒரு நாள்ல தெரிஞ்சிரும்” என்றார்.

பத்து வெள்ளி நீட்டினார்.
இரண்டு படிவம், கணக்கு சரி.
வாங்கிக்கொண்டேன்.

சாக்கை அவிழ்க்காமலே
கம்பை மோட்டரில் கட்டிக் கிளம்பினார்.
திறக்காத கதவின் கண்ணாடி வழியே
முதலில் அரிவாள் முனை போனது,
பிறகு அவர்,
அவர் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம்
கம்பு போய்க்கொண்டே இருந்தது.